பந்து இல்லாத ஆட்டம்

“அண்ணி, ஒண்ணு கேட்கணும். திட்டக் கூடாது.”

“திட்டற மாதிரி இருந்தா திட்டத்தான் செய்வேன். கேளு.”

“இப்ப வேண்டாம். அந்த லைட் பார்சல் வரட்டும். மாட்டி முடிச்சு, மெஷின் ஜொலிக்கிறப்ப உங்க முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க… அந்த நேரம் பார்த்துக் கேட்டாத்தான் காரியம் நடக்கும்.”

“அடேங்கப்பா. பொண்ணு கிண்ணு பார்த்து வச்சிருக்கியா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல அண்ணி. அண்ணனைப் பத்தின விஷயம். அவர் உங்களைக் கை காட்டிட்டார். ‘உங்க அண்ணி சரின்னா எனக்கும் சரி’ன்னு சொல்லிட்டுக் கடைக்குக் கிளம்பிட்டார்.”

“அவர் எப்பவும் அப்படித்தான். மாட்டேன்னு சொல்ல வாய் வராது, என் தலையில கட்டிடுவார். சரி போ, நீ என்ன கேட்டாலும் சரி. போதுமா?”

“சத்தியமா?”

“சத்தியமாடா. மொதல்ல சாப்பிட வா. தட்டு காயுது.”

இது எனக்கும் என் கணவரின் தம்பிக்கும் நடந்த பேச்சு. வீட்டில் அவனை வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவன் கேட்க நினைத்ததைக் கேட்காமலே போய்விட்டான்.

போய்விட்டான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கதை கட்டி உங்களைப் பயமுறுத்துவதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவள் நான். எந்தச் சத்தத்துக்கும் முதலில் காரணத்தைத் தேடுவேன், பிறகுதான் பயப்படுவேன். இப்போது இரவில் என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன். ஒரு கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அது என்ன கேள்வி என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டின் கடைசி அறையில் ஒரு பின்பால் மெஷின் இருக்கிறது. இரும்புக் கால்கள், சரிவான ஆட்டப் பலகை, மேலே கண்ணாடி. ஸ்பிரிங் கைப்பிடியை இழுத்து விட்டால் ஓர் இரும்புப் பந்து மேலே ஓடி, மணிகளில் முட்டி முட்டி இறங்கும். கீழே விழாமல் இரண்டு சிறு துடுப்புகளால் தட்டிவிட வேண்டும். மூடப்போகிற ஒரு விளையாட்டுக் கூடத்திலிருந்து அதை ஓட்டை உடைசலாக வாங்கி வந்து, வாலு உயிர் கொடுத்தான். விளக்குகள் நன்றாகத் தெரியவேண்டும் என்று அறை முழுக்கக் கறுப்புத் திரை போட்டான். பட்டப்பகலிலும் அங்கே இருட்டுதான்.

அவனுக்குச் சில பழக்கங்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இடது துடுப்பை இரண்டு முறை தட்டுவான். டக்-டக். கழற்றும் திருகாணிகளைக் கடிகார எண்கள் போல வட்டமாக, தலைகீழாக நிறுத்தி வைப்பான். ஆடி முடித்ததும் பந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். “பந்து என் பாக்கெட்ல, ஆட்டம் என் கையில” என்று பீற்றிக்கொள்வான்.

அந்தப் பேச்சு நடந்த மறுநாள் விடிகாலையில் பைக்கை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பினான். இப்படி மெஷின் வைத்திருப்பவர்கள் கூடி இரண்டு நாள் ஆடுவார்களாம். தனியாகத்தான் போனான்; அண்ணன் ஒரு தடவைகூட அவனோடு போனதில்லை. வளைவில் ஒரு லாரி…

ஆஸ்பத்திரியில் அவன் உடுப்புகளை ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, டேப் ஒட்டிக் கொடுத்தார்கள். என் கணவர் அதைப் பீரோவின் மேல்தட்டில் வைத்தார். யாரும் பிரிக்கவில்லை. அடுத்த வாரம் லைட் பார்சல் வந்தது. அதை மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு, அறைக் கதவைச் சாத்தினார்.

பத்து மாதம். கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்த்து அனுப்புகிற மனிதர், வீட்டில் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. “ம்.” “சரி.” “நீ படுத்துக்கோ.” அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டார்.

வாலுவின் பிறந்தநாள் வந்தது. அவன் விட்ட வேலையை முடித்து, மெஷினை எரியவிட்டு, இவர் கையைப் பிடித்து அந்த அறைக்குள் கூட்டிப்போக வேண்டும். அழட்டும். ஆனால் குழாயைத் திறக்காமல் அழட்டும். இதுதான் என் திட்டம்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு அறைக்குள் போனேன். இவர் கடையிலிருந்து வர ஏழாகும்.

பார்சலில் இரண்டு குட்டி ஸ்பாட் லைட்டுகள் இருந்தன. துடுப்புகளுக்கு மேலே இருக்கிற இரண்டு தூண்களில் அவற்றை முடுக்கி, வயரைப் பலகைக்கு அடியில் விட்டு, எப்போதும் எரிகிற ஒரு பல்பின் பிடியில் கிளிப்பால் கவ்வவிட வேண்டும். அரை மணி நேர வேலை.

பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். கண்ணாடியை உருவி எடுத்தேன். பலகையில் தூசி படிந்திருந்தது. வாலு வைத்திருந்த எலுமிச்சை வாசனை மெழுகைப் பூசினேன். வெள்ளைப் படலமாகக் காய்ந்த பிறகு துணியால் தேய்த்தால் பளபளக்கும். காயட்டும் என்று விட்டுவிட்டுத் தூண்களின் திருகாணிகளைக் கழற்றி, ஒரு டப்பா மூடியில் அப்படியே கொட்டினேன்.

லைட்டுகளின் வயரைப் பலகைக்கு அடியில் விட்டேன். பலகையைத் தூக்கினேன். நல்ல கனம். முட்டுக் கம்பிக்காக இன்னொரு கையால் துழாவினேன். கம்பி கைக்கு வந்தது. யாரோ எடுத்துக் கொடுத்த மாதிரி, சரியாக உள்ளங்கையில்.

அப்போதுதான் நினைவு வந்தது. பலகையைத் தூக்குவதற்கு முன்னால் பந்தை எடுக்க வேண்டும். “மறந்தீங்கன்னா உருண்டு வந்து மூக்கைப் பேத்துடும் அண்ணி” என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறான்! நான் எடுக்கவில்லை. ஆனால் எதுவும் உருளவில்லை. எங்காவது சிக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளிப்பைக் கவ்வவிட்டேன். பலகையை இறக்கினேன். திருகாணிக்காகத் திரும்பினேன்.

மூடியில் திருகாணிகள் வட்டமாக நின்றன.

தலைகீழாக.

நான்தான் பழக்கதோஷத்தில் அப்படி வைத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பழக்கம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. லைட்டுகளை வேகமாக முடுக்கினேன். மெழுகைத் துடைக்காமலே கண்ணாடியைப் போட்டு மூடினேன். சீக்கிரம் வெளியே போனால் போதும் என்றிருந்தது.

பிளக்கைச் சொருகினேன். மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. பழைய விளக்குகள் எல்லாம் எரிந்தன. புதியவை மட்டும் எரியவில்லை.

குனிந்து வயர் போகும் வழியைப் பார்த்தேன். புரிந்தது. வேறு பல்பில் மாட்டியிருக்கிறேன். பலகையின் கீழ்க்கோடியில் ‘மறுபடி ஆடு’ என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே இருக்கிற பல்பு அது. “பந்து விழுந்து ஆட்டம் முடிஞ்சாலும் சில நேரம் மெஷினே இரக்கப்பட்டுப் பந்தைத் திருப்பிக் குடுக்கும் அண்ணி. அப்ப மட்டும்தான் இந்த பல்பு எரியும்” என்று அவன் காட்டியிருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் வருகிற சிரிப்பு.

“டேய் வாலு… உன் அண்ணி லட்சணத்தைப் பாருடா” என்றேன், வாய்விட்டு.

டக்-டக்.

இடது துடுப்பு.

நான் பட்டனைத் தொடவில்லை. ஆட்டத்தைத் தொடங்காமல் துடுப்பு அசையவே அசையாது. நான் தொடங்கவில்லை.

சுவரில் இருந்த கடிகாரம் ஐந்து பத்து காட்டியது. அதன் முள் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் நான் அதைக் கேட்டதே இல்லை.

க்ர்ர்ர்ர்…

ஸ்பிரிங் கைப்பிடி மெல்லப் பின்னால் வந்தது. யாரோ ரசித்து இழுப்பதுபோல. ஒரு கணம் நின்றது.

தடாக்!

பந்து ஓடும் சத்தம். மரத்தின்மேல் இரும்பு உருள்கிற, சந்தேகமே இல்லாத சத்தம். மேலே ஏறியது. திரும்பியது. மணிகள் அடித்தன. டிங்… டிங்-டிங்… எண் சக்கரங்கள் சுழன்றன.

பந்து மட்டும் இல்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். இல்லை.

ஆனால் மெழுகில் ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது.

வெள்ளைப் படலத்தில், மெல்லிய ஒற்றைக் கோடு. வளைந்தது. மணியில் முட்டித் திரும்பியது. என்னை நோக்கி இறங்கியது. துடுப்பு தட்டியது. கோடு மேலே போனது. மறுபடி இறங்கியது. இந்த முறை துடுப்பு தட்டவில்லை. தட்டாமல் காத்திருந்தது. கோடு நடுவே வந்து…

டொக்.

விழுந்தது.

நிசப்தம்.

‘மறுபடி ஆடு’ எரிந்தது.

கூடவே, நான் மாட்டிய இரண்டு லைட்டுகளும்.

வெளிச்சத்தில் என் முகம் கண்ணாடியில் தெரிந்தது. என் உதடுகள் உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. தொட்டுப் பார்த்தேன். நான் சிரிக்கவில்லை.

கண்ணாடியில் இருந்த என் முகம் சிரித்தது.

“மாட்டி முடிச்சு, மெஷின் ஜொலிக்கிறப்ப…”

பிளக்கைப் பிடுங்கினேன்.

லைட் அணையவில்லை.

ஓடினேன்.

கால் செருப்பு ஒன்று எங்கே போனது என்று தெரியவில்லை. கீழே, கட்டட வாசலில் நின்றுகொண்டு இவருக்கு போன் செய்தேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. கடையைத் திறந்துபோட்டபடியே வந்துவிட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அப்படி வந்ததில்லை.

என் தோளைப் பிடித்து மேலே கூட்டிப்போனார். பத்து மாதத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் நுழைந்தார். லைட்டுகள் அணைந்திருந்தன. பிளக் தரையில் கிடந்தது. கண்ணாடிமேல் குனிந்து அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

“நீ ஆடுனியா?”

“இல்லீங்க. பந்தே இல்ல. அதைத்தான் சொல்றேன்…”

அவர் முகம் வெளுத்தது.

“பந்து இருக்காது. ஆஸ்பத்திரியில சொன்னாங்க. சட்டைப் பாக்கெட்ல ஒரு இரும்புக் குண்டு இருந்துச்சாம். அதையும் பையிலேயே போட்டுட்டோம்னாங்க.”

இருவரும் படுக்கையறைக்குப் போனோம். பீரோவின் மேல்தட்டில் அந்தப் பை அப்படியே இருந்தது. மேலே பத்து மாதத் தூசி. டேப் கிழியவில்லை. பின் கழலவில்லை. என் கண் முன்னால்தான் பிரித்தார்.

சட்டையைத் தொடுவதற்கு முன்பே வாசனை வந்தது.

எலுமிச்சை.

பைக்குள் கையை விட்டார். சட்டென்று இழுத்துக்கொண்டார். மறுபடி விட்டு எடுத்தார். உள்ளங்கையில் பந்து. அதன்மேல் வெள்ளையாக, புதிதாக ஒட்டிய மெழுகு.

“தொட்டுப் பாரு” என்றார்.

சூடாக இருந்தது. கையிலிருந்து இப்போதுதான் இறக்கி வைத்த மாதிரி.

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். தலை குனிந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினேன். முதுகு அதிர்ந்தது. குழாய்ச் சத்தம் இல்லாமல், என் எதிரிலேயே அழுதார். இதைத்தானே நான் விரும்பினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“அவன் உன்கிட்ட என்ன கேட்க இருந்தான்னு எனக்குத் தெரியும்” என்றார்.

“என்ன?”

பந்தை உள்ளங்கையில் உருட்டினார்.

“என்னங்க?”

முதுகின் அதிர்வு நின்றது. சட்டென்று, ஒரு ஸ்விட்சை அணைத்தது போல.

கடைசி அறையிலிருந்து, சாத்திய கதவின் அடியில், வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது.

அவர் விரல் நகம் பந்தைத் தட்டியது.

டக்-டக்.

தலையை நிமிர்த்தினார். பத்து மாதத்துக்குப் பிறகு என் கணவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து… அவர் அப்படிச் சிரிக்கமாட்டார்.

“அண்ணி,” என்றார்.

“அண்ணனை ஒரே ஒரு தடவை என்கூட அனுப்பி வைக்கிறீங்களா?”