துலிட்

துரிட் என்பதுதான் அவள் பெயர். ஆனால் அவளுக்கே அது வாயில் வராது, 'துலிட்' என்பாள். சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு பனிக்காலம், பக்கத்துப் பண்ணைப் பையன் ஹல்வார் அவளிடம், "காட்டு வழியில இருக்குற இரும்பு கேட்டை நக்கிப் பாரு, தேனா இனிக்கும்" என்றிருக்கிறான். உறைந்த இரும்பில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஓடிப்போய் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவராமல், அந்தப் பாவி அவளைப் பிடித்து இழுத்தான். நாக்கு நுனி பிய்ந்தது. அதோடு 'ர'வும் போனது.

பள்ளத்தாக்கு முழுக்க அவளைத் 'துலிட்' ஆக்கியவனும் அவனேதான். கடையில், தேவாலய வாசலில், ஏன், அவள் கல்யாணத்தில்கூட அப்படித்தான் கூப்பிட்டான். "எனக்கெல்லாம் ஒட்டவே ஒட்டாது, அவ நாக்குதான் பசை" என்று பீற்றல் வேறு. கேட்கக் கேட்க எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

"இலுக்கட்டும்," என்பாள் துரிட். "நான் பட்டதை அவன் ஒலுநாள் படணும். அதை நான் பாக்கணும்."

நானும் அவளும் நர்சரிப் பிள்ளைகளைத் தினமும் காட்டுக்குக் கூட்டிப்போகிறவர்கள். பனிக்காலத்தில் பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் இல்லாமல் அவள் கிளம்பமாட்டாள். அன்று மூச்சே உறையும் குளிர். வாண்டுகள் முயல் தடத்தைப் பிடித்துக்கொண்டு பனியில் ஊர்ந்தன. எறும்புப் புற்றில் காதை வைத்து, உள்ளே எறும்புகள் தூங்குகின்றனவா என்று கேட்டன. திடீரென்று கேட் பக்கம் ஓர் அலறல். ஹல்வாரின் பேரன் ஈவிண்ட், நாக்கு ஒட்டி நிற்கிறான்.

துரிட் விழுந்தடித்து ஓடித் தண்ணீரை ஊற்றினாள். நல்லவேளை, தோல் போகாமல் விடுபட்டது.

"யாலுடா சொன்னது?"

"தாத்தா. உன்னைய இந்தக் கேட்டை நக்கச் சொல்லணுமாம், தமாஷா இருக்குமாம்," என்று விம்மினான். "உனக்கு வலிக்குமோன்னு நான் முதல்ல நக்கிப் பாத்தேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. உடனே ஹல்வாருக்குப் போன் போட்டு வரச்சொன்னாள்.

வந்தவன் பேரனைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை என்றதும் பல்லைக் காட்டினான். "என்ன துலிட், பழைய ஞாபகமா?"

பிள்ளைகள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஒட்டாதுன்னீங்களே தாத்தா," என்றான் ஈவிண்ட். "நக்கிக் காட்டுங்க."

"நக்குங்க! நக்குங்க!" என்று கூட்டமே கத்தியது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "விடுங்க பசங்களா, பயந்துட்டாரு பாவம்," என்றேன்.

"யாரு, நானா? சட்டுன்னு எடுத்துட்டா ஒட்டாது," என்று முறைத்துவிட்டு நாக்கை நீட்டினான். ஒட்டிக்கொண்டது.

துரிட் பிளாஸ்கைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி மூடினாள். "பிள்ளைங்களா, சாப்பாட்டு நேலம்!"

அவன் எதிரிலேயே பாய் விரித்து உட்கார்ந்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றோம். அத்தனை ருசியாக நான் என்றைக்கும் தின்றதில்லை. அவன் கையை ஆட்டினான், காலை உதைத்தான், கடைசியில் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

"துலி... துலிட்! துலிட்!"

"ஐயோ, தாத்தாவுக்கும் 'ர' வரல," என்றான் ஈவிண்ட்.

துரிட் கடைசி வாய் ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு, பிளாஸ்கோடு எழுந்தாள்.

"அவனுக்கு வலும்," என்றாள். "எனக்குத்தான் யாலும் தண்ணி ஊத்தல."