குடில் பெட்டிக்குள் ஒரு மஞ்சள் செருப்பு

என் மகள் முதன்முதலாக நடந்தது என்றைக்கு? சுலபமான கேள்விதான். பெற்றவளைக் கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டாக்டரும் அப்படி நினைத்துத்தான் செப்டம்பரில் என்னைக் கேட்டார். ஜனவரி வந்துவிட்டது, என்னிடம் இன்னும் பதில் இல்லை. என்னிடம் இருப்பதெல்லாம், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் வைக்கும் அட்டைப்பெட்டியில், வைக்கோலுக்கு அடியில் கண்டெடுத்த ஒரு ஜோடி மஞ்சள் செருப்பைப் பற்றிய நினைவுதான். என் உள்ளங்கை நீளம்கூட இல்லாத செருப்பு. கால் வைத்தால் பீப்பீ என்று கத்தும் வகை. அழுத்திப் பார்த்தேன். இடது செருப்பு கத்தியது. வலதில் வெறும் காற்றுதான் வந்தது. குதிகால் படும் இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதை நான் வாங்கவில்லை. அதற்கு முன் பார்த்ததும் இல்லை.

நாங்கள் கடலூர் முதுநகரில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். எனக்குச் சிதம்பரத்தில், ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவேன். கணவருக்குக் கம்பெனியில் ஷிஃப்ட். பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் என் கணவரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். மாதா கோயில் பாடகர் குழுவில் முதல் குரல் அவருடையது. வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைப்பார். மிஷின் ஓடும்போது பாட்டும் ஓடும். குழந்தை பிறந்த பிறகு மிஷினுக்கு உறை போட்டுவிட்டார். "ஊசி, கத்திரிக்கோலு, இதெல்லாம் இருக்குற எடத்துல புள்ள எதுக்கு?" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே செய்தார்.

எனக்கும் அண்ணிக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது, ஒவ்வொரு பொம்மையையும் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் வைப்போம். வைக்கும்போது போன வருடத்தில் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பாட்டு, சினிமா, புத்தகம், சாப்பாடு, பிரசங்கம், எதுவாகவும் இருக்கலாம். ஒட்டகத்துக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று, சிறகு வைத்த சம்மனசுக்கு ஒன்று. நான் மருமகளாக வந்த முதல் வருடம் கூச்சத்தில் பேசாமல் இருந்தேன். "வாய தொறக்காம வச்சா ஒட்டகம் அடுத்த வருஷம் வராது புள்ள" என்று மிரட்டித்தான் பேச வைத்தார். அன்று முதல் எது பிடித்தாலும், இது ஒட்டகத்துக்கு ஆகும் என்று மனதில் எடுத்து வைத்துக்கொள்வது பழகிவிட்டது.

போன வருடம் எனக்குப் பிடித்த எதுவும் முழுதாகக் கிடைக்கவில்லை. நூலகத்திலிருந்து ஒரு தடித்த குடும்ப நாவலை எடுத்தேன். பஸ்ஸில் ஆலப்பாக்கத்தில் திறந்தால் பி.முட்லூர் வருவதற்குள் சில பக்கங்கள், அவ்வளவுதான். சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரம் கோயிலில் நாட்டியம் நடந்தபோது, பஸ்ஸுக்கு இருந்த கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தேன். மேடையில் ஆடிய பெண்ணின் முகம் தெரியவில்லை. ஆட்கள் விலகும்போதெல்லாம் அவளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே என் மகளின் கால்களை நினைத்தேன். எதைப் பார்த்தாலும் அங்கேதான் போய் நின்றது மனம்.

காரணம் உண்டு. அவள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை வைத்திருந்த நாட்களில் நான் வெளியே நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது, ஒவ்வொன்றையும் எப்போது செய்கிறாள் என்று கவனியுங்கள் என்றார்கள். குப்புற விழுவது, உட்காருவது, நிற்பது, நடப்பது, பேசுவது. மற்ற தாய்மார்களுக்குக் கொண்டாட்டமாக இருப்பதெல்லாம் எனக்குப் பரீட்சையாகிவிட்டது.

போன வருடத் தொடக்கத்தில் ஒரு மதியம் அண்ணி போன் செய்தார். "ஏ புள்ள, உக்காந்துடுச்சுடி! புடிக்காம, சாயாம, ராணியாட்டம் உக்காந்திருக்கு!" நான் பழைய சஞ்சிகைகள் அடுக்கிய அறைக்குள் போய் அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் அழுகைக்குள் வேறு ஏதோவும் இருந்தது. தவழ்ந்ததையும் அண்ணிதான் முதலில் பார்த்தார். கை தட்டியதையும் அவர்தான் பார்த்தார். கை தட்டிய அன்று சாயங்காலம் பஸ் கசகசப்போடு வீட்டுக்குள் நுழைந்ததும், குழந்தை என் முன்னால் ஒரு தரம் கை தட்டட்டும் என்று கெஞ்சினேன். தட்டவில்லை. "எல்லாத்தையும் நீங்களே பாத்துடுறீங்க அண்ணி. எனக்குன்னு ஒண்ணாவது வைங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அண்ணி சிரித்தாரா என்று நினைவில்லை.

கோடையில் மூன்று பேரும் குழந்தையோடு ஒரு சினிமாவுக்குப் போனோம். அவளுக்கு அதுதான் முதல் தியேட்டர். இடைவேளைக்குள் வீறிட்டு அழத் தொடங்கிவிட்டாள். நானும் கணவரும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். அண்ணியை மட்டும் உட்கார்ந்து பார்க்கச் சொன்னோம். மறுநாள் சமையலறையில் இரண்டாம் பாதி முழுவதையும் எனக்கு நடித்துக் காட்டினார். கரண்டிதான் துப்பாக்கி, முறம்தான் படகு. காய்ச்சலில் கிடந்த அந்தப் படத்துக் குழந்தை கடைசியில் கண் திறந்து அம்மா என்று கூப்பிட்ட இடத்தை அண்ணி சொன்னபோது இருவரும் அழுதோம். பின்னால் ஒருநாள் பஸ்ஸில் அந்தப் படத்தை போனில் பார்த்தேன். குழந்தை கண் திறக்கவில்லை. எனக்காக அண்ணி முடிவை மாற்றியிருக்கிறார்! அன்று எனக்கு அண்ணிமேல் பொங்கிப் பொங்கி அன்புதான் வந்தது. பயம் வரவில்லை. பயம் இப்போதுதான் வருகிறது.

ஒன்றரை வயதை நெருங்கியும் அவள் நடக்கவில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்தால் இடுப்பில் ஏறிக்கொள்வாள். இறக்கிவிட்டால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தூக்குவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி அவளை என் எதிரில் நிறுத்தி, "தங்கம்ல, அம்மாகிட்ட போடி. ஒரே ஒரு தடவ போடி" என்று மன்றாடுவார். பிஸ்கட்டைக் காட்டுவார். குழந்தை பொத்தென்று உட்கார்ந்து தவழ்ந்து வரும். அண்ணியின் முகம் வாடிப்போகும். "விடுங்க அண்ணி, வராதத எதுக்குப் போட்டுப் படுத்துறீங்க?" என்று எரிந்து விழுந்தேன். கால் வலுவில்லையோ, மூளையில் ஏதாவதோ என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். சிதம்பரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் நேரம் வாங்கினேன். அதைச் சொன்னதும் அண்ணி, "இன்னும் ஒரு வாரம் பாக்கலாமே புள்ள" என்றார். நான் கேட்கவில்லை. குழந்தையோடு அவரும் என்னுடன் பஸ் ஏறினார்.

அறைக்குள் ஒருவர்தான் போகலாம் என்றதால் அண்ணி வெளியே நின்றார். டாக்டர் குழந்தையைத் தரையில் விடச் சொன்னார். விட்டேன். கைகளைத் தூக்கி அழுதாள். காலைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். அப்போது நர்ஸ் ஏதோ எடுக்கக் கதவைத் திறந்தார். கதவிடுக்கில் அண்ணி தெரிந்தார். குழந்தை எழுந்தது. நடந்தது. நடுவில் கிடந்த ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு, கீழே விழுந்திருந்த ஒரு பேனா மூடியைக் குனிந்து எடுத்துக்கொண்டு, நேராகப் போய் அண்ணியின் சேலையைப் பிடித்தது.

நான் கத்திவிட்டேன். அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு அழுதார். டாக்டர் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "இது இன்னைக்கு ஆரம்பிச்ச நடை இல்லம்மா. சுத்திப் போறா, குனிஞ்சு எடுக்கறா. மொதல்ல எப்ப நடந்தா?"

நான் அண்ணியைப் பார்த்தேன்.

"இப்பதான் சார்" என்றார் அண்ணி. "இப்பதான் மொதல்ல. அவங்க அம்மா கண்ணு முன்னாடி."

டாக்டர் இருவரையும் பார்த்தார். "குறைமாசக் குழந்தை. எனக்கு உள்ளது உள்ளபடி தெரியணும். அடுத்த தடவை பேச்சைப் பத்திக் கேப்பேன். என்னென்ன வார்த்தை சொல்றா, எப்பலேர்ந்து சொல்றா, கவனிச்சிட்டு வாங்க" என்றார். திரும்பும் பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தார். களைப்பு என்று நினைத்தேன். பையில் நாவலின் கடைசி அத்தியாயம் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.

அந்த வாரமே ஆசையாக ஒரு சிவப்பு பீப்பீ செருப்பு வாங்கி வந்தேன். புதுச் செருப்பைப் பார்த்து மிரளுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் அதைத் தூக்கிக்கொண்டு நேராக அண்ணியிடம் போய்க் காலை நீட்டினாள். மறுநாள் மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா அந்த பீப்பீய? நடுவுல கொஞ்ச நாளு மத்தியானத்துல நிம்மதியா தூங்குனேன்." அண்ணி பட்டென்று, "அது பக்கத்து வூட்டுப் புள்ளைங்கக்கா. உங்களுக்குக் காதும் ஜாஸ்தி, தூக்கமும் ஜாஸ்தி" என்றார். மூவரும் சிரித்தோம். நானும் நம்பினேன். நம்ப வேண்டும் என்று இருந்தது.

வருடாவருடம் குடில் பெட்டியை இறக்குவது அண்ணிதான். போன டிசம்பரில் அவர் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தபோது, கணவர் உதவி செய்வதாக நினைத்துப் பரணிலிருந்து இறக்கி வைத்தார். நான் பொம்மைகளை எடுத்துவிட்டு வைக்கோலை உதறினேன். என் பழைய நைட்டியிலிருந்து கிழித்த துணியில் சுற்றி, அடியில் இருந்தது அந்த மஞ்சள் செருப்பு. வேறு எந்த இடத்தில் வைத்தாலும் என் கண்ணில் பட்டுவிடும் என்று அங்கே வைத்திருக்கிறார். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எனக்குன்னு ஒண்ணாவது வைங்க என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் வைத்திருக்கிறார். முதல் நடையை எனக்காக எடுத்து வைத்துவிட்டு, அது எனக்குக் கிடைக்கும்வரை வாரக்கணக்கில் காத்திருக்கிறார். நான் பயத்தில் கருகியதையும் அந்த நாட்களில் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

செருப்பைச் சுற்றி, பெட்டியில் வைக்கோலுக்கு அடியில் இருந்தபடியே வைத்துவிட்டேன். அந்தக் கிறிஸ்துமஸில் அண்ணி தனியாக ஒரு தாலாட்டுப் பாடினார். கோயிலே அசையாமல் கேட்டது. எனக்குக் கண்ணீர் வந்தது. அதே நேரத்தில், அக்டோபரில் குழந்தையின் நெற்றியில் இருந்த நீலத் தடிப்பும் நினைவுக்கு வந்தது. "கட்டில் கால்ல லேசா இடிச்சிக்கிச்சு" என்றாரே, எவ்வளவு லேசாக? சந்தோஷத்தை மறைக்கத் தெரிந்தவருக்கு குழந்தை விழுந்ததை மறைக்கத் தெரியாதா? இப்படி நினைத்ததற்காக பூசையில் நற்கருணை வாங்கப் போகும்போது என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

போன வாரம் குடிலைப் பிரித்தோம். "ஒட்டகத்துக்குச் சொல்லு புள்ள" என்றார். நாவலைச் சொன்னேன். "முடிச்சிட்டியா?" கடைசி அத்தியாயம் பாக்கி என்றேன். "என்னா புள்ள நீ, பாயசம் காய்ச்சி முந்திரி போடாம வுட்ட மாதிரி!" ஆட்டுக்கு, அவர் சொன்ன சினிமாவைச் சொன்னேன். தியேட்டரில் ஓடியது இல்லை, அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது என்றேன். ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கடைசியாகக் குழந்தை இயேசுவைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதுக்கு நான் சொல்றேன்" என்றார். "பாப்பா டாக்டர் ரூம்ல நடந்துச்சு பாரு, உன் கண்ணு முன்னாடி. எனக்கு இந்த வருஷம் அதான்."

"ஆமா அண்ணி" என்றேன்.

பெட்டிக்குள் வைக்கோலை அவர்தான் பரப்பினார். அடிவரைக்கும் கையை விடாமல், மேலாக மட்டும் பரப்பினார். என் மகள் சிவப்புச் செருப்போடு எங்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். கணவர் பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தார்.

அடுத்த மாதம் டாக்டரிடம் போக வேண்டும். என்னென்ன வார்த்தை, எப்போதிலிருந்து என்று கேட்பார். என் எதிரில் அவள் சொல்வது ஓரிரு சொற்கள்தான். பகலில் என்ன பேசுகிறாள் என்பது அண்ணிக்குத்தான் தெரியும். எனக்காக எந்தச் சொல்லை எடுத்து வைத்திருக்கிறாரோ! செருப்பைக் காட்டிக் கேட்டால் உண்மை வரும். ஆனால் பிடிபட்டுவிட்டோம் என்று அந்த மனுஷி ஒதுங்கிவிட்டால்? தையல் மிஷினுக்கு உறை போட்டவர், என் பிள்ளை விஷயத்தில் சம்பளத்துக்கு வந்த ஆள் மாதிரி கணக்காக நடக்கத் தொடங்கிவிட்டால்? கேட்காமல் இருந்தால் டாக்டர் முன்னால் மறுபடியும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். கணவரிடம் சொன்னேன். "பொம்பளைங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க" என்று குளிக்கப் போய்விட்டார்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். அடுத்தவர் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தவர்களும் இருப்பீர்கள். அப்படி வளர்த்தவர்கள் சொன்னால் இன்னும் நல்லது. டிசம்பர் வரை அந்தப் பெட்டி பரணிலேயே இருக்கட்டுமா? இல்லை, டாக்டரிடம் போவதற்கு முன்பே ஏணி போட்டு இறக்கி, அந்த மஞ்சள் செருப்பை அண்ணியின் மடியில் வைக்கட்டுமா? வைப்பதென்றால், அவர் மனம் நோகாமல் நான் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை எது? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.