தார்க்குழியும் மாமாவின் கணக்கும்

எங்கள் ஊரான மண்டபத்துக்குத் தார்ச்சாலை போட்டுக்கொண்டிருந்த கோடையில் நான் ஒரு தார்க்குழிக்குள் மாட்டிக்கொண்டேன். தவறி விழவில்லை, ஒரு கல்லைக் காப்பாற்ற நானாகத்தான் இறங்கினேன்.

உடைந்த பீப்பாய்களிலிருந்து ஒழுகிய தார் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பழைய பள்ளத்தில் தேங்கிக் கிடந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது சென்னையில் கணக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கெட்டி என்றும் நீர் என்றும் சொல்ல முடியாத பொருள்களை இழுத்தால் அவை என்ன செய்யும் என்பதைச் சமன்பாடாக எழுதுவது அவர் வேலை. இழுத்தால் நீளும், இதற்கு ஒரு படிப்பா என்பது கயிறும் வலைநூலும் விற்ற என் அத்தாவின், அதாவது அப்பாவின், அபிப்பிராயம்.

விடுமுறைக்கு வந்த மாமா பகலெல்லாம் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு விடியற்காலையில் மட்டும் என்னைக் குழிக்கு அழைத்துப்போனார். தாரைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். கண்ணாடிபோலச் சில்லு தெறித்தது. பிறகு அதன்மேல் ஒரு கருங்கல்லை மெல்ல வைத்து, சாயங்காலம் வந்து பார் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் எல்லோரும் அசந்திருந்தபோது போனேன். கல் பாதி முழுகியிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. எடுத்துவிடலாமென்று கால் வைத்தேன். கல்லோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் கணுக்கால்கள் உள்ளே போய்விட்டன. ஒன்றை உருவப் பார்த்தால் மற்றது முழங்கால்வரை இறங்கியது. சூடு வேறு. கத்தினேன்.

அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். தார் கல்லாகப் பிடித்துக்கொண்டது. இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. விட்டால் இன்னும் இறங்கினேன். குழியின் ஆழம் யாருக்கும் தெரியாது. அத்தா ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"ஊத்தாதீங்க மச்சான், இறுகிப்போகும்" என்று மாமா தடுத்தார். "அக்கா, கையை எடு. வெடுக்குனு இழுத்தா விடாது."

ஒரு கதவுப் பலகையைத் தாரின்மேல் போட்டு, அதில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு என் காலைப் பற்றினார். யாரோ குடை கொண்டுவந்தார்கள். நிழல் என் தலைக்கு மட்டும் போதும், தாரில் வெயில் படட்டும் என்றார்.

"நான் இழுத்துக்கிட்டே இருப்பேன், புள்ள. ஆனா இழுக்குறது உனக்குத் தெரியாது. கணக்குப்படி வந்துரும்."

கணக்கு என்றதும் எனக்குப் பயம் போய்விட்டது. அவர் அசைந்ததாகவே தெரியவில்லை. அம்மா முணுமுணுவென்று ஓதிக்கொண்டிருந்தாள். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரத்தில் ஒரு கால் வெளியே வந்திருந்தது. பலகையில் அதை ஊன்றிக்கொண்டதும் மற்றது சுலபமாகவே வந்தது. கறுப்பு இழைகள் கூடவே நீண்டு வந்து தொய்ந்து விழுந்தன.

அம்மா என்னை வாரிக்கொண்டாள். அத்தா அந்தக் குடத்துத் தண்ணீரைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டார். அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த பெண்கள், மண்ணெண்ணெய் போட்டு என் கால்களைத் தேய்த்து முடிக்கும்வரை சிரித்தார்கள்.

மாமா மட்டும் முழங்கைவரை தாரோடு குழி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அம்புட்டு இழுத்தேன். ஒண்ணையும் திருப்பித் தரலையே, அக்கா. எல்லாத்தையும் சூடாக்கித் தின்னுருச்சு."

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். வெயில் தலைக்கேறிவிட்டதென்று அம்மா மோர் கொண்டுவந்தாள்.

அவர் எதைக் கண்டுகொண்டார் என்பதை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. நான் நம்பிய அந்தக் கணக்கு, பேராசிரியர் தவறென்று திருப்பியனுப்பிய கணக்கு என்பதைப் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னாள். அதன்படி பார்த்தால், இழுக்கச் செலவழித்த சக்தியைவிட அதிகமாகப் பொருள் திருப்பிக் கொடுக்குமாம்; சூடாகி வீணாவதற்கு அதில் இடமே இல்லையாம். அப்படியொரு சரக்கு கிடைத்தால் நானே வாங்கி விற்பேன் என்றாராம் அத்தா. மாமா வந்திருந்தது விடுமுறைக்கே அல்ல. படிப்பை விட்டுவிட்டு வந்திருந்தார்.

அந்த வாரமே அவர் மறுபடி சென்னைக்கு ரயிலேறினார். அவர் ஊருக்குப் போகும்போதெல்லாம் முதல்நாளே அழத் தொடங்கிவிடும் அம்மா, அன்று வண்டி மறையும்வரை சிரித்த முகமாக நின்றாள். லீவு முடிந்துவிட்டது என்று எண்ணி நான் கையாட்டிக்கொண்டிருந்தேன்.