மாட்டுங்கா மாமியின் டேங்க்கில் அரிசி களைந்த தண்ணீர்

1. ஹெல்மெட்

மாமி போன் செய்தபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

“செல்வம், உடனே வாங்கோ. டேங்க் பூராவும் அரிசி களைஞ்ச ஜலம் மாதிரி இருக்கு. ஹாமர் அப்படியே சுருங்கி உள்ள போயிடுத்து. மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடறது.”

பேஸ்ட் நுரையை முழுங்கிவிட்டேன்.

வைதேகி மாமி இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மாட்டுங்காவில் அவர் வீட்டு ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ரீஃப் டேங்க் இருக்கிறது. அதாவது பவளமும் கடல்மீனும் வாழ்கிற கண்ணாடித் தொட்டி. நடுவில் ஹாமர் கோரல் என்கிற பவளம். கட்டைவிரல் அளவில் ஒரு துண்டாக நான்தான் கொண்டுபோய் வைத்தேன். மாமி வளர்த்த வளர்ப்பில் அது இட்லிக் குண்டான் அளவுக்கு வந்துவிட்டது. பச்சை விரல்களாக நூற்றுக்கணக்கில் ஆடும். செம்பூரில் நான் பார்க்கிற டேங்க்குகளில் பாதி, மாமி உடைத்துக் கொடுத்த துண்டில் ஆரம்பித்தவை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. இதை நான் சொன்னேன் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

முந்தின நாள்தான் அந்த டேங்க்குக்குத் தண்ணீர் மாற்றியிருந்தேன். ஆகவே என்ன நடந்திருந்தாலும் அதைச் செய்தவன் நான்.

டேங்க் பராமரிக்கிற இந்த லைனில் தலை நரைத்தவன் நான். புது கஸ்டமர்களுக்கு முதலில் சொல்வது, “எது நடந்தாலும் பதறாதீங்க” என்பதுதான். அன்று அதைச் சொல்கிற ஆசாமியே என்ன செய்தார் தெரியுமா? ஹெல்மெட்டை மாட்டினார். பையை எடுத்தார். தாராவியிலிருந்து மாட்டுங்கா வரைக்கும் கொட்டுகிற மழையில் ஓட்டமும் நடையுமாகப் போனார். பைக் வீட்டு வாசலிலேயே நின்றது.

மாமி பில்டிங் வாட்ச்மேன் என் தலையைப் பார்த்தான், என் பின்னால் எட்டிப் பார்த்தான். “பாயி, காடி கிதர் ஹை?” வண்டி எங்கே என்று கேட்கிறான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பையைத் திறந்தால் டெஸ்ட் கிட் இருந்தது, உப்பளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தது, டூத் பிரஷ்ஷும் இருந்தது.

2. டிரம்முக்குள் கடல்

மேலே போவதற்கு முன் உப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் அலறல் உங்களுக்குப் புரியாது.

மும்பையைச் சுற்றிக் கடல்தான். ஆனாலும் ஒரு குடம் எடுத்து டேங்க்கில் ஊற்ற முடியாது. அதில் என்னவெல்லாம் வந்து கலக்கிறது என்று நமக்குத் தெரியும், மீனுக்கும் தெரியும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைப் போட்டு நாமே கடல் செய்துகொள்கிறோம். கேன்களை டாக்ஸியில் ஏற்றும்போது ஒரு டிரைவர், “இஸ்மே க்யா ஹை?” என்று உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டார். “சமுந்தர் கா பானி” என்றேன். கடல் தண்ணீர் என்றதும் அவர் கண்ணாடியில் என்னையே பார்த்தார். “சமுந்தர் தோ உதர் ஹை!” கடல் அங்கேதானே இருக்கிறது என்று மாஹிம் பக்கம் கையைக் காட்டினார். பைத்தியக்காரன் என்று முடிவுகட்டியிருப்பார்.

சமையல் உப்பு உதவாது. கடையில் கிடைக்கும் கடல் உப்பிலும் இரண்டு வகை. மீன் மட்டும் இருந்தால் சாதா மரைன் சால்ட் போதும். கோரல் இருந்தால் ரீஃப் சால்ட் வேண்டும். அதில் கால்சியம், மக்னீசியம், ஆல்கலினிட்டி கூடுதல். கூடுதல் நல்லது என்று அதிகமாக இருப்பதையே தேடி வாங்காதீர்கள். உங்கள் டேங்க்கில் இப்போது என்ன அளவு இருக்கிறதோ, அதற்கு ஒட்டி வருகிற உப்புதான் நல்ல உப்பு. திடீரென்று அளவு மாறினால் கோரலுக்குத் தாங்காது.

கலக்கும்போது தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பில் தண்ணீரை ஊற்றக் கூடாது. தண்ணீரைச் சுழற்றுகிற பவர்ஹெட் மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, கொஞ்சம் கொஞ்சமாக. அதற்கும் முன்னால் உப்பு டிரம்மைத் தரையில் போட்டு உருட்ட வேண்டும். லாரியில் குலுங்கி வந்ததில் சில உப்புகள் அடியில் தங்கியிருக்கும். மேலாக அள்ளினால் ஒரு கடல், அடியில் அள்ளினால் இன்னொரு கடல்.

மாமிக்கு வழக்கமாகப் போடும் பிராண்டு கிடைக்காமல் போய், புது பிராண்டில் இரண்டு டிரம் வாங்கியிருந்தேன். அதை வைத்திருந்த இடம் தங்கராசு மச்சானின் மளிகைக்கடைப் பின்பக்கம். என் மனைவியின் அண்ணன். நாசரேத் பக்கமிருந்து வந்து தாராவியில் கடை போட்டவர். என் ஸ்டாக் எல்லாம் அவருடைய வெல்ல மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் நடுவில்தான்.

மாமி டேங்க்கில் ஊற்றியதற்கு முந்தின நாள் அங்கே கலக்கும்போது தண்ணீர் தெளியவில்லை. ராத்திரி முழுக்க மோட்டார் ஓடியும் லேசாக வெளுப்பு இருந்தது. ‘புது பிராண்டு, அப்படித்தான் இருக்கும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன், முப்பத்தைந்து. சுத்தமான கடல். கேனில் பிடித்து, மழை வலுக்குமுன் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தேன்.

3. முட்டை

மாமி கதவைத் திறந்தார். ஹெல்மெட்டைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. நிலைமை அவ்வளவு மோசம்.

டேங்க்குக்குள் பின்பக்கம் இருக்கிற பாறையே தெரியவில்லை. அழுக்கை நுரையாகத் தள்ளுகிற ஸ்கிம்மர், நுரையைக் கக்கித் தரையெல்லாம் வழியவிட்டிருந்தது. ஹாமரின் பச்சை விரல்கள் ஒன்றுகூட வெளியே இல்லை. வெறும் எலும்பு மாதிரி நின்றது. கோமாளி மீன்கள் இரண்டும் மேலே மூச்சுக்குத் தவித்தன.

உப்பு அளவு சரி. ஆல்கலினிட்டி சரி. கால்சியம் சரி. எல்லாம் சரியாக இருக்க, டேங்க் மட்டும் செத்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் டெஸ்ட் கிட் மருந்து பாதி என் சட்டையில்.

மாமியின் கணவர், நாங்கள் ‘சார்’ என்போம், பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார். “என்னப்பா, பிழைக்குமா?”

“பிழைக்கும் சார்” என்றேன்.

அப்போதுதான் மணலைப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக, ஊதின மாதிரி, நூற்றுக்கணக்கில் ஏதோ கிடந்தது. முட்டை! புது உப்போடு ஏதோ ஜந்து வந்து முட்டை போட்டுவிட்டது. உப்பில் ஜந்து எப்படி உயிரோடு வரும் என்று யோசிக்கிற மூளை ஹெல்மெட்டுக்குள் வேகவைக்கப்பட்டிருந்தது. சங்கைச் சுமந்து திரிகிற ஒரு ஹெர்மிட் நண்டு அந்த முட்டையில் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து நிதானமாகக் கொறித்தது. அந்த வீட்டில் நிம்மதியாக இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

குழாய் வைத்து நாலைந்தை உறிஞ்சி ஒரு தட்டில் விட்டேன். போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டேன். ஒருவர் புழு முட்டை என்றார். ஒருவர் பாறை முழுவதையும் வெளியே எடுத்துக் கொதிக்க வையுங்கள் என்றார். மூன்றாமவர் எதையும் படிக்காமல் கைகூப்பி அஞ்சலி செலுத்திவிட்டார்.

“மாமி, இது பரவுற ஜாதி. தொடாதீங்க” என்றேன்.

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். விரலுக்கிடையில் தேய்த்தார். அப்புறம் வாயில் போட்டுக் கடித்தார்.

“மாமி!”

நான் போட்ட சத்தத்தில் சார் பேப்பரைக் கீழே விட்டார்.

மாமி நிதானமாக மென்றார். “நொய்.”

“என்னது?”

“நொய்யரிசி, செல்வம். புழுங்கல் நொய். ஊறிப் போயிருக்கு. கஞ்சிக்குப் போடற ரகம்.”

“டேங்க்ல அரிசி எப்படி மாமி வரும்?”

“அது நான் கேக்க வேண்டிய கேள்வி. காலம்பற போன்லயே சொன்னேனே, அரிசி களைஞ்ச ஜலம்னு.”

4. மச்சான்

போன் போட்டேன். பின்னணியில் தராசுத் தட்டுச் சத்தம்.

“மச்சான், அந்த உப்பு டிரம்ல எதையாவது போட்டியளா?”

“ஆமா மாப்ள, சொல்ல மறந்துட்டேன். மழைக்குக் கசிய ஆரம்பிச்சிட்டுல்லா? ரெண்டு படி நொய்ய போட்டு வச்சிருக்கேன். இனி கட்டி பிடிக்காது. நம்ம கடை உப்பு ஜாடிக்கும் அதான போடுதேன்?”

உப்பு ஜாடியில் நாலு அரிசி போடாத வீடு எது? என் வீட்டிலும் உண்டு. அதைத்தான் மச்சான் மொத்த வியாபாரமாகச் செய்திருக்கிறார்.

“கலக்கினியளா மச்சான்?”

“கலக்காம? நீங்கதான சொன்னிய, இந்த உப்ப உருட்டாம எடுக்கக் கூடாதுன்னு. வாசல் வரைக்கும் உருட்டிக் கொண்டுபோயி, திரும்ப உருட்டிக் கொண்டாந்தேன்.”

முழு அரிசியாக இருந்திருந்தால் அள்ளும்போதே கண்ணில் பட்டிருக்கும். நொய், உப்புக்கல்லோடு உப்புக்கல்லாகக் கலந்துவிட்டது. ரிஃப்ராக்டோமீட்டர் உப்பு எவ்வளவு என்று சொல்லும். கஞ்சி எவ்வளவு என்று சொல்ல அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இப்போது டேங்க் பிழைக்க வேண்டுமென்றால் உடனே தண்ணீர் மாற்ற வேண்டும். அதற்கு நல்ல உப்பு வேண்டும். டீலர் இருப்பது பாண்டுப்பில். லோக்கல் ட்ரெயின் தண்ணீரில் நிற்கிறது. கையில் இருப்பது இரண்டாவது டிரம் ஒன்றுதான்.

“மச்சான், ரெண்டாவது டிரம்ம தொறந்தியளா?”

“தொறந்தேன்.”

சோபா இல்லாத ஹாலில் நான் தரையில் உட்கார்ந்தேன்.

“தொறந்து?”

“நொய் பத்தல மாப்ள. அப்படியே மூடிட்டேன். இப்ப வேணும்னா போட்டுரட்டா?”

“வேண்டாம்!” என்று நான் கத்தியது தாராவிக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும். “ஒண்ணும் போடாதிய! அப்படியே தூக்கிட்டு வாங்க!”

டெலிவரி டெம்போவில் மச்சான் வந்து இறங்கினார். டிரம்மைக் குழந்தை மாதிரி பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்தார். மாமி வாசலில் நின்று கேட்டார், “நீங்கதான் அந்த அரிசிக்காரரா?”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். “கெட்டுப்போவக் கூடாதேன்னுதாம்மா போட்டேன்.”

“சரி, உள்ள வாங்கோ. கெட்டது கெட்டுடுத்து, மிச்சத்தப் பாப்போம்.”

ஏர் பம்ப்பைப் போட்டு மூச்சுக்கு வழி செய்தேன். கஞ்சி அழுக்கை உறிஞ்சக் கார்பன் வைத்தேன். மாமி சேமித்து வைத்திருந்த ஆர்.ஓ. தண்ணீரில் புது உப்பைக் கலக்க ஆரம்பித்தேன். மச்சான் டேங்க்கை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, என்னிடமிருந்து குழாயை வாங்கிக்கொண்டு மணலிலிருந்து நொய்யை உறிஞ்சத் தொடங்கினார். வாழ்நாள் முழுக்க அரிசியில் கல் பொறுக்கிய மனிதர், அன்று கல்லில் அரிசி பொறுக்கினார். ஒன்று விடவில்லை. நண்டு கையிலிருந்ததையும் பிடுங்கப் பார்த்தார், அது கொடுக்கவில்லை.

தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று நான் வாளிக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணை நானே நம்பவில்லை. மாமி ஒரு கண்ணாடி டம்ளரைக் கொடுத்தார். அதில் தண்ணீர் மொண்டு, சாரின் பேப்பருக்கு முன்னால் பிடித்தேன்.

“தலைப்பு தெரியறதா?” என்றார் மாமி.

“தெரியறது” என்றார் சார்.

“பொடி எழுத்து?”

“கலங்கலா இருக்கு.”

“அப்ப ஊத்தாதீங்கோ.”

காத்திருந்தோம். மறுபடி மொண்டேன். சார் டம்ளர் வழியாக வரன் விளம்பரத்தை வாசித்தார். நட்சத்திரம், கோத்திரம், சம்பளம் வரைக்கும். அதற்கப்புறம்தான் சூடும் உப்பும் டேங்க்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, மெதுவாக மாற்றினேன்.

அன்று முழுக்க ஹாமர் அசையவில்லை. மறுநாளும் இல்லை. மச்சான் கடையை விட்டுவிட்டு இரண்டு நாளும் வந்து உட்கார்ந்தார். “செத்துட்டா மாப்ள?” என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை. மாமி பேசவேயில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். மூன்றாம் நாள் காலை போன் வந்தது. என் நம்பருக்கு இல்லை, மச்சான் நம்பருக்கு.

“அரிசிக்காரரே, ஒரு விரல் நீட்டியிருக்கு” என்றாராம் மாமி. அவ்வளவுதான். வைத்துவிட்டாராம். மச்சான் அதைச் சொல்லும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் மூட்டை நெடி என்றார்.

ஹாமரில் ஓரமாக இருந்த சில கிளைகள் போய்விட்டன. மீதி பிழைத்தது.

இந்த லைனுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். நல்ல உப்பு வாங்குங்கள், காற்றுப் புகாமல் நீங்களே மூடி வையுங்கள், டம்ளர் வழியாகப் பொடி எழுத்து தெரியாத தண்ணீரை எந்தக் காரணம் சொல்லியும் ஊற்றாதீர்கள். ‘புது பிராண்டு அப்படித்தான்’ என்பது காரணமே இல்லை. அதைவிட முக்கியம், கஸ்டமர் போனில் சொல்கிற முதல் வார்த்தையைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த தண்ணீர் என்று சொன்னால், முதலில் அரிசியைத் தேடுங்கள். முட்டையை அப்புறம் தேடலாம்.

போன வாரம் செம்பூரிலிருந்து ஒரு கஸ்டமர். “செல்வம் பாய், டேங்க் பூரா யாரோ மஞ்சள் கரைச்ச மாதிரி இருக்கு!”

நான் பதறவில்லை. “வீட்ல யாரு மஞ்சள் போட்டது?” என்றேன்.

யாரையோ உள்ளே போய்க் கேட்கிற சத்தம். திரும்பி வந்தார்.

“மீனுக்கு வால்ல காயம்னு, எங்க மாமனார்...”

ஹெல்மெட்டை எடுத்தேன். இந்த முறை பைக் சாவியையும்.