அவர் சொன்ன பக்கமே போன பந்து

தனசேகர் காலமான செய்தி எங்கள் பழைய ஆய்வுக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்தது. மதியத்துக்குள் ஆளாளுக்கு அவர் மூளையைப் புகழ்ந்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். அழுதுகொண்டேதான் படித்தேன். கூடவே வயிறும் எரிந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பெங்களூரில் அந்த ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் பொறியாளர்களாகச் சேர்ந்தோம். விமான மாதிரிகளின் மேல் வேகமாகக் காற்றை ஓடவிட்டு அளப்பது வேலை. சும்மா இருக்கும் நாட்களில் கிரிக்கெட் பந்தைக் கம்பியில் மாட்டி அளப்போம். தையலைச் சற்றுச் சாய்த்து வைத்தால் காற்று பந்தைத் தையல் பக்கமாகத் தள்ளும். ஒருமுறை தேய்ந்த பந்து ஒன்றை மாட்டியிருந்தேன். வேகத்தைக் கூட்டியதும் கருவி எதிர்ப்பக்கம் காட்டியது. ஒயரை மாற்றி மாட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று இணைப்பைத் திருப்பிப் போட்டுவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் தனசேகர் கருவி முன்னால் நிற்கிறார். பெங்களூர் வழக்கப்படி எல்லோரும் அவருக்கு ‘குரு’தான்.

“குரு, ஒயர ஏன் மாத்துன? அது சரியாத்தான் இருந்துச்சு. காத்துதான் மனசு மாறிருக்கு.”

பழையபடி இணைத்து வேகத்தை ஏற்றி இறக்கினார். மெதுவான காற்றில் தையல் பக்கம், வேகமான காற்றில் எதிர்ப்பக்கம். ஊரே பேசும் ரிவர்ஸ் ஸ்விங் என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. நான் அதை ரிப்பேர் செய்திருக்கிறேன்! அதற்குப் பிறகு பந்து என்றாலே எல்லோரும் அவரைத்தான் தேடினார்கள்.

ஆனால் பந்து வீசத் தெரிந்தவன் நான். அவர் வீசினால் குழந்தைகூட அடிக்கும். அதனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் அவர் அம்பயர். ஒருமுறை அடுகோடி மைதானத்தில், பேட்ஸ்மேனை விட்டு வெளியே போகும்படி பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடத் தயாரானேன். “இந்தப் பந்து நல்லாத் தேஞ்சிருச்சு. உள்ள வரும் பாரு” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். உள்ளேதான் வந்தது, ஸ்டம்ப் பறந்தது. ஓடி வந்த பயல்கள் என்னைத் தாண்டிப் போய் அம்பயரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

துக்கம் விசாரிக்க மர்பி டவுனில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“அண்ணா, வீட்ல எப்பவும் உங்க பேச்சுதான். ‘நான் போட்டா நேராத்தான் போவுது, நான் சொல்றது நடக்கணும்னா அவன் கை வேணும்’னு பொருமுவாரு. உங்க மேல அவருக்கு அவ்ளோ பொறாமை.”

இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் அது என் கண்ணில் படவில்லை. என்னுடைய பொறாமை மட்டும் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

அன்று ஸ்டம்பைப் பறக்கவிட்ட அந்தத் தேய்ந்த பந்து என்னிடம்தான் இருக்கிறது. பொறாமையும் இருக்கிறது, இனி அதைக் காட்டத்தான் ஆள் இல்லை.