சப்பாத்தும் என் முழங்காலும்

போன கிழமை முழங்கால் வலிக்காக ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போயிருந்தேன். இளம்பெண். காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். பிறகு, "அங்கிள், அந்தச் சுவர் மட்டும் ஒருக்கா ஓடிக் காட்டுங்க" என்றார்.

ஏசி அறைக்குள் ஒரு மனிதனுக்கு ஏன் இப்படி வியர்க்க வேண்டும்? அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

யுத்த காலம். ஊர் கரடியனாறு. எனக்குப் பதினெட்டு வயது, எண்ணூறு மீற்றர் ஓடுவேன். அதுவரை வெறுங்கால்தான். மாவட்டப் போட்டிக்குத் தெரிவானதும் கட்டாரில் இருந்த மச்சான் ரன்னிங் சப்பாத்து அனுப்பினார். வெள்ளை நிறம். குதியில் இரண்டு விரல் தடிப்புக்கு மெத்தை. போட்டால் நிலமே மிருதுவாகிவிடும்.

நிலம் மிருதுவானால் யாருக்கு என்ன நட்டம்? முழங்காலுக்குத்தான். வெறுங்காலில் ஓடும்போது என் முன்பாதம்தான் முதலில் நிலத்தைத் தொடும். கணுக்கால் மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். மெத்தை வந்ததும் எட்டி அடிவைத்து, குதியைக் குத்தி ஓடத் தொடங்கினேன். கணுக்கால் லீவு எடுத்துக்கொண்டது. அதன் வேலையும் முழங்கால் தலையில் விழுந்தது. மூன்றே கிழமை — வலது முழங்கால் வீங்கிவிட்டது. மச்சான் கோவிப்பாரே என்று கழற்றவும் மனம் வரவில்லை.

போட்டிக்கு முதல்நாள் பஸ்ஸில் டவுனுக்கு வெளிக்கிட்டேன். கூடவே அம்மா. வளர்ந்த மகனை அந்த நாளில் எந்தத் தாய் தனியே அனுப்பினாள்? வாவியைக் கடக்க முன் சோதனைச்சாவடி. எல்லோரும் இறங்கி நடந்தோம். நான் நொண்டினேன்.

"நீ... இங்க வா."

ஆமிக்காரர் காற்சட்டையை உயர்த்தச் சொன்னார். எங்கள் வயதுப் பையன்களிடம் அடையாள அட்டையைவிட முழங்காலைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள். இயக்கத்தில் சேர்ந்து தவழ்ந்து பயிற்சி எடுத்த தழும்பு இருக்கிறதா என்று.

"ட்ரெய்னிங் எடுத்ததா?"

"இல்ல மாத்தயா" என்று அம்மா முந்திக்கொண்டார். "இவன் ஓட்டக்காரன். இந்தச் சப்பாத்தாலதான் வீங்கின. நாளைக்கு டவுன்ல போட்டி."

அவர் தூரத்திலிருந்த மணல்மூட்டைக் காவலரணைக் காட்டினார். "அது மட்டும் ஓடிக் காட்டு."

சோதனைச்சாவடியில் செய்யவே கூடாத காரியம் ஓடுவது. ஓடினால் சுடுவார்கள். பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஓடாவிட்டாலோ பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த அரணில் நிற்பவருக்கு இவர் சொன்னது கேட்டிருக்குமா...?

"மெல்லமா ஓடு மனே" என்றார் அம்மா. மெல்ல ஓடினால் ஓட்டக்காரன் என்று யார் நம்புவது?

நாலு எட்டு வைத்தேன். முழங்கால் விடவில்லை. நொண்டல்.

"பொய்" என்றார் ஆமிக்காரர்.

"சப்பாத்தக் கழட்டிட்டு ஓடவா சேர்?" எனக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

வெறுங்கால் நிலத்தில் பட்டதும் குதி தானாக எழும்பியது. கணுக்கால் வேலைக்குத் திரும்பியது. வலித்தது, ஆனாலும் ஓட முடிந்தது. முதுகெல்லாம் கூசியது. அரணில் நின்றவர் துவக்கை உயர்த்தினார். பின்னாலிருந்து இவர் சிங்களத்தில் ஏதோ கத்தினார். துவக்கு இறங்கியது.

திரும்பி வந்தபோது அம்மா நிலத்தில் குந்தியிருந்தார்.

"சரி, ஓட்டக்காரன்தான்" என்றார் ஆமிக்காரர். பிறகு என் சப்பாத்தை எடுத்துத் தன் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தார். "இது இங்க இருக்கட்டும்."

பஸ் வாவியைக் கடந்த பிறகும் அம்மா என் கையை விடவில்லை. மறுநாள் வெறுங்காலோடு ஓடி நாலாவதாக வந்தேன். நாலாவது இடத்துக்காக அழுத தாய் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

போன கிழமையும் சுவர் மட்டும் ஓடினேன், போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான். "தடிச்ச குதி உங்களுக்குச் சரிவராது அங்கிள். மூட்டு அதுபாட்டுக்கு அசையட்டும்" என்றார் அந்தப் பெண்.

எனக்குச் சொல்ல ஆளிருக்கிறது. அந்த ஆமிக்காரரின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறதோ, பாவம்.