ஈரத்துண்டு முகம்

வெக்கை தாளாமல் வண்ணார்பேட்டை அறையின் சன்னலில் ஈரத்துண்டைத் தொங்கவிட்டு, அணுகுண்டுப் போர் பற்றிய கணினி விளையாட்டு ஒன்றுக்கு அரக்கனை வரைந்துகொண்டிருந்தேன். காற்று வரும்போதெல்லாம் துண்டு கம்பியோடு ஒட்டிக் குழிந்தது, பிறகு உப்பியது, துணி மூடிய முகம் மூச்சு விடுவதுபோல். அந்த முகத்தையே அரக்கனுக்கு வைத்தேன்.

அது அப்பாவின் முகம். எங்கள் கடற்கரை ஊருக்குப் பக்கத்தில் அணு உலை வந்த பிறகு ஒருநாள் விபத்து ஒத்திகை நடந்தது. அபாயச் சங்கு ஊதினால் கதவைச் சாத்திவிட்டு மூக்கில் ஈரத்துணி வைக்க வேண்டும் என்று ஜீப்பில் சொல்லிக்கொண்டு போனார்கள். சங்கு ஊதியது. மீன் கவிச்சி போகாத துண்டை நனைத்து அப்பா முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே அம்மா கேட்டாள்.

"நீங்க கடல்ல கெடக்கும்போது சங்கு ஊதுனா எந்தக் கதவச் சாத்துவிய?"

அப்பாவின் வாய் இருந்த இடத்தில் துண்டு மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. சாயங்காலம் வழக்கம்போல் கடலுக்குப் போனார்.

அரக்கன் படத்தை அனுப்பினேன். விளையாட்டைத் தயாரிப்பவர் போனில் கூப்பிட்டார்.

"பயம் பத்தலவே. பல்லு வச்சுக் குடும்."

வைத்தேன். பல் வந்ததும் அப்பாவின் சாடை போய்விட்டது.

"இப்பந்தான் சரியா இருக்கு" என்றார் தயாரிப்பவர்.